கால்கள் நடக்க, தலை திறந்தது

நாற்பத்தாறு வயதில் யோகராஜுக்கு மூன்றாவது முறையாக சாரங் தேர்வு, படகு செலுத்தும் உரிமத்துக்கானது. இதிலும் விழுந்தால் ஓய்வு பெறும்வரை டெக்கில் கயிறு பிடிக்கும் வேலைதான்; சின்னப் படகின் சுக்கான்கூடக் கைக்கு வராது.

இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் காட்டுக்கு வந்திறங்கிய குடும்பம் அவருடையது. எட்டாம் வகுப்போடு கப்பல் வேலைக்குப் போனவர். காற்று எங்கே திரும்பும் என்று கடலைப் பார்த்தே சொல்லிவிடுவார். புத்தகத்தோடு உட்கார்ந்தால் மட்டும் எழுத்துகள் பனிமூட்டத்தில் படகுகளைப் போல ஒவ்வொன்றாக மறையும்.

சர்க்கரைக்காகத்தான் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மூளைக்கும் நல்லது என்று சேர்த்துச் சொன்னதை யோகராஜ் காதில் வாங்கவில்லை. வீட்டருகே டாலிகஞ்ச் மேட்டில் விடிகாலை வேகமாக ஏறும்போதுதான் முந்தைய நாள் படித்தவை தாமாக வந்தன. கப்பலுக்குப் பச்சை விளக்கு வலப்புறம், சிவப்பு இடப்புறம். ஈரக்காற்றில் மிதப்பதுபோல நடந்தார். நடையா, காலை நேரமா, வெறும் பிரமையா? அவருக்கே தெரியவில்லை. மூன்று மாதம் விடாமல் நடந்தார்.

"புஸ்தகத்தக் காலால படிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்," என்றாள் மனைவி பானு.

தேர்வன்று ஃபீனிக்ஸ் பே அருகே துறைமுக அலுவலக நாற்காலியில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவரை இரண்டு மணிவரை கூப்பிடவில்லை. தலைக்குள் பழைய பனி இறங்கத் தொடங்கியது. எழுந்தார். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் முறை போய்விடும்.

பக்கத்தில் காத்திருந்த நல்லதம்பி கையைப் பிடித்தார். "பைட்டோ பாய், உக்காருங்க. இம்புட்டு நேரம் இருந்துட்டு இப்பப் போய் கெடுத்துக்காதீங்க."

"உட்கார்ந்தே இருந்தா மட்டும் பாஸா போடுவான்? பேரு வந்தா ஒரு விசில் அடிங்க."

வெளியே படகுத்துறையின் நீளத்துக்கு நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். மூச்சு சூடானது. தண்ணீர் வெளிச்சத்தில் கரைந்து கிடந்தது. நான்காவது சுற்றில் தலைக்குள் விளக்குகள் வந்தன, ஊதல்கள் வந்தன, அவற்றின் நடுவே நல்லதம்பியின் விசிலும் வந்தது. ஓடினார்.

வியர்வை சொட்ட நின்றவரை அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். பனிமூட்டத்தில் எஞ்சின் கப்பல் என்ன ஒலி எழுப்ப வேண்டும் என்று இந்தியில் கேட்டார்.

நகர்ந்துகொண்டிருந்தால் ஒரு நீண்ட ஊதல், நகராமல் நின்றுவிட்டால் இரண்டு, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் திரும்பத் திரும்ப என்றார் யோகராஜ். சொல்லி முடித்த பிறகுதான் தாம் யோசிக்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

அதிகாரி தாளில் எதையோ குறித்தார். நாற்காலியைக் காட்டினார்.

"நின்னுக்கிட்டே சொல்றேன் சாப்."

அதிகாரி தலையசைத்து, அடுத்த கேள்விக்குப் பக்கத்தைப் புரட்டினார்.