தொடையில் தொடங்கிய விரல்

ராஜபாளையத்தில் எங்கள் அலுவலகத்தில், அமெரிக்க மருத்துவமனைகளின் அறுவைக் குறிப்புகளைப் படித்து, பில்லுக்கான கோட் நம்பர் போடுவோம். ஒரு நாள் ஒரு குறிப்பில் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் என்று பார்த்ததுமே, மண்டையைத் திறந்து செய்யும் அறுவைக்கான நம்பரை நான் போட்டுவிட்டேன்.

அதைச் சரிபார்த்தவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பக்கத்து இருக்கைப் பெண். எந்தக் குறிப்பையும் தன் உடம்பில் விரலை ஓட்டித்தான் படிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அன்று அவள் விரல் தொடையில் தொடங்கி, கழுத்து வழியாக ஏறி, நெற்றியில் நின்றது.

“அக்கா, தொடை வழியா ட்யூப் விட்டு, கம்பிச் சுருள வச்சு வீக்கத்த அடைச்சிருக்காவ. மண்டையத் தொறக்கவே இல்ல.”

நம்பரை மாற்றினேன். அவள் தன் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அந்தம்மாவுக்கு ஒரு முடிகூடப் போயிருக்காதுக்கா.”

நோயாளி ஒரு பெண் என்பதையே நான் கவனித்திருக்கவில்லை.