பூச்சி மறித்த விறகு

என் மனைவியை அவள் அண்ணன் 'பூச்சி' என்றுதான் கூப்பிடுவார். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். அந்தப் பூச்சிக்கு ஆற்றுப் பாலத்தின் அக்கரை முனைச் சாவடியில், வண்டிகளில் போகும் விறகைச் சோதிக்கும் வேலை கிடைத்தபோது மச்சான் ஒரு வாரம் சிரித்தார்.

கட்டையைத் தட்டிப் பார்ப்பாள். பட்டைக்கு அடியில் கத்தியை விட்டு நெம்புவாள். மரம் குடையும் வண்டால் அக்கரைக் காடு பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கரை இன்னும் பச்சை. அவ்வளவு அகலமான ஆற்றை வண்டு பறந்து தாண்டாது. விறகுக்குள் உட்கார்ந்து நம் வண்டியிலேயே சொகுசாக வந்துவிடும். அதனால் அக்கரை விறகு ஒரு துண்டுகூடப் பாலமேறக் கூடாது.

குளிர் தொடங்கியதும், அக்கரையில் குடியிருக்கும் மச்சான் எங்கள் வீட்டுக்குக் கிளம்பினார். அங்கே வேலை முடித்த நானும் அவர் வண்டியில் ஏறிக்கொண்டேன். பின்னால் படுதா போட்டு மூடிய விறகு. அவர் வீட்டு வாசல் மரம். சிறுவயதில் இவள் ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் அழுத மரம். போன வருடம் பட்டுப்போனது. எங்கள் வீட்டு அடுப்பின் வாயைச் சாணால் அளந்துவைத்து, அந்த அளவுக்கே பிளந்திருந்தார்.

"ஒரு வருஷம் காய வச்சது மாப்ளே. இந்தக் குளிர்ல பூச்சி நடுங்கவே வேணாம்."

காய்ந்திருந்தாலும் பாலம் ஏற விடமாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

சாவடியில் படுதாவைத் தூக்கியவள் மரத்தை அடையாளம் கண்டு சிரித்தாள். பிறகு அடியில் மாவு போல் கொட்டிக் கிடந்த தூளைப் பார்த்தாள்.

"அண்ணே, இது போகாது."

"காஞ்ச விறகுடி! இதுல ஏது பூச்சி?"

பட்டையை நெம்பினாள். உள்ளே வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது.

"சின்னதுன்னு பாக்காதீங்க. என்னையும் அப்படித்தான சொன்னீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "ஒனக்குன்னு வெட்டுனேன். ஒவ்வொண்ணும் அளந்து..."

அவள் வண்டிமேல் ஏறி, ஒரு கட்டு விறகை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"எனக்குத்தான கொண்டாந்தீங்க? பகலெல்லாம் நான் வெறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது இங்கதாண்ணே. இங்கயே எரிப்போம்."

சாவடி அறை அடுப்பில் முதல் கட்டையை வைத்தாள். கட்டை நீளம், அடுப்புக்குள் போகவில்லை. மச்சான் குந்தி உட்கார்ந்து, அடுப்பின் வாயில் சாண் வைத்தார்.

"கோடாலி இருக்கா, பூச்சி?"