மூன்றாம் பிளேட்டின் மறுபக்கம்

அம்சம் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது, அவளைப் பெண் கேட்டு ஆள் வந்துபோன அன்றுதான். "பையன் பேரு இராஜாங்கம். முத்துப்பேட்டை ஜெய்னுலாபுதீன் பாய் கடையில விசேசங்களுக்கு மைக் செட்டு போடுற வேலை" என்றார் அவள் அப்பா நல்லக்கண்ணு. செட்டு என்றதும் அவளுக்கு அண்ணன் செத்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

கழகம் ஆட்சிக்கு வந்த மறுவருடக் குறுவை அறுப்பில், அரைப்படி நெல் கூடுதலாகக் கூலி கேட்டான் அவள் அண்ணன் கோவிந்தராசு. பண்ணையாட்கள் பட்டப்பகலில் களத்திலேயே அவனை அடித்துக் கொன்றார்கள். அன்று பண்ணை வீட்டில் காதுகுத்து. தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் அலறிக்கொண்டிருந்தது. விசாரிக்க வந்த போலீசிடம், "செட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க" என்று ஊரே சொன்னது. இரண்டு வயல் தள்ளி அறுத்துக்கொண்டிருந்த அம்சத்துக்கும் கேட்கவில்லை. புரியாத ஒரு பாட்டும், நெஞ்சில் உலக்கை விழுவது மாதிரி ஒரு கொட்டும்தான் கேட்டன.

டெல்டாவில் செட்டுக்காரர்களா இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு கழுத்தை நீட்டினாள்.

பாய் கடையை மூடியபோது பேட்டரியில் ஓடும் பழைய ரெக்கார்டு பிளேயரையும் ஐந்து இசைத்தட்டுப் பிளேட்டுகளையும் இராஜாங்கத்திடம் கொடுத்தார். பினாங்கிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தவை. ஐந்தும் ஒரே வெள்ளைக்காரக் கோஷ்டி பாடியவை.

"என்னங்க இது, பல்லு புடுங்குறப்ப கத்துற மாதிரி இருக்கு?"

"வரிசையாக் கேளு புள்ள. இது மொதல் பிளேட்டு, சின்னப் பயலுவ, அவசரம். ரெண்டாவதுல ஒருத்தனுக்கு ஏதோ துக்கம். அஞ்சாவதுல ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் சேரவே மாட்டான்."

"ஏன், பங்காளிச் சண்டையா?"

சிரித்தார். கேட்கக் கேட்க அவளுக்கும் பிடித்துப்போனது. "மூணாவது எங்க?" என்று கேட்டால் மட்டும், "கீறல் விழுந்துட்டு" என்பார்.

ஒருநாள் நெல்லு அள்ளக் குதிருக்குள் கைவிட்டாள். பழைய வேட்டியில் சுற்றிய பிளேட்டு கையில் தட்டியது. ஒரு கீறல்கூட இல்லை. போட்டுப் பார்த்தாள். அண்ணன் செத்த அன்று கேட்ட அதே கொட்டு.

மடை திறந்துவிட்டு அவர் திரும்பியபோது பக்கம் முடிந்து முள் வெறுமனே தேய்ந்துகொண்டிருந்தது.

"அன்னிக்குச் செட்டு போட்டது நீங்களா?"

மண்வெட்டியைக் கீழே வைக்காமலே நின்றார். "சத்தம் நிக்கவே கூடாதுன்னாரு பண்ணைக் காரியக்காரரு. சினிமா பிளேட்டு மூணு நிமிசத்துல முடிஞ்சிரும். இது ஒரு பக்கம் இருவது நிமிசம் ஓடும். அதான் போட்டேன். எதுக்குன்னு தெரியாது அம்சம்."

"கடைசி வரைக்கும் தெரியாதா?"

"திருப்பிப் போடணும்ல... அந்த நேரத்துல கேட்டுச்சு. அம்மான்னு, ரெண்டு தரம். காரியக்காரரு என்னையே பாத்தாரு. முள்ளை வச்சிட்டேன்."

"நான் செத்தவரு தங்கச்சின்னு...?"

"தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டு வந்தேன்."

அன்று அடுப்பு எரியவில்லை. பிறந்த வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள், விடிந்ததும் அவிழ்த்தாள். அந்தக் குரலைக் கேட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். இவரை விட்டுப்போனால் அண்ணனின் கடைசி வார்த்தையையும் விட்டுப்போக வேண்டும்.

அதிலிருந்து வருடா வருடம் அண்ணன் திதியன்று உச்சிப்பொழுதில், படைத்து முடித்துவிட்டு, "போடுங்க" என்பாள். மூன்றாவது பிளேட்டின் முதல் பக்கம் ஓடி முடியும். அவர் கை தன்னால் எழும்.

"திருப்பாதீங்க."

இருவரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். முள் தேயும். அம்சம் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டுவாள், ஒருதரமும் கேட்டதில்லை. அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். முதல் ‘அம்மா’வுக்கு அவர் கண் மூடும். இரண்டாவது தரத்துக்குத் தலை குனியும். அதன் பிறகுதான் இலையில் கை வைப்பார்கள்.

பிளேயர் ஓடாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. அட்டையோடு பிளேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இப்போதும் உட்காருகிறார்கள்.

இருவரும் இப்போது பாபநாசத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். இராஜாங்கத்துக்கு வயது எண்பது. காது நன்றாகக் கேட்கிறது.