பத்தாவது பெயர்

மஹல்லா நகரத் தையல் ஆலையில் பதினோரு வருஷமாகச் சீட்டு நடத்துகிறவர் இன்ஷிரா அக்கா. பத்துப் பேர் மாதாமாதம் பணம் போடுவோம். மொத்தமும் முறைப்படி ஒருவருக்குப் போகும். நடத்துகிறவருக்கே முதல் முறை என்பது எங்கள் ஊர் வழக்கம். அக்காவோ அவசரத் தேவை உள்ள யாருக்காவது அதைக் கொடுத்துவிட்டுத் தன் பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்வார்.

இந்தத் தடவை அவசரம் அவருக்கு. ஐம்பது வயதுவரை வாடகை வீடு. இப்போதுதான் சொந்தமாக இரண்டு அறை வீடு ஒன்று படிந்து வந்திருக்கிறது. வியாழனுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். ஆனாலும் பழக்க தோஷத்தில், எங்களோடு வேலை பார்க்கும் வஹ்பாவின் பெயரை முதலிலும் தன் பெயரைப் பத்தாவதாகவும் எழுதினார். இஸ்திரி மேசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கத்துத் தையல் மெஷினில் இருந்த பஹீகா பட்டியலைப் பிடுங்கினாள். "யக்கா, வீட்டை விக்கிறவன் பத்து மாசம் உனக்காகக் காத்துக்கிட்டு இருப்பானா?"

"வஹ்பா பொண்ணுக்குக் கல்யாணம்டி."

"மாப்பிள்ளையே இன்னும் கிடைக்கலக்கா!" என்றார் வஹ்பா.

ஆலையே சிரித்தது. அக்கா பேனாவை என்னிடம் நீட்டினார். "நீயே எழுது தம்பி. என் கை மறுபடியும் கீழேதான் போகும்."

முதல் வரியில் அவர் பெயரை எழுதினேன், கொஞ்சம் பெரிதாகவே.