பள்ளிக்கூடத்துக் கல்லில் என் பேர் இல்லை

பாம்பன் பக்கம் ஐஸ் ரூம் இரண்டு, உச்சிப்புளி ரோட்டில் அரிசி மில், பரமக்குடியில் பெரிய தறிக்கூடம், கடற்கரையில் சாமியார் நடத்திய பள்ளிக்கூடம். எல்லாம் நான் கட்டியவை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மணல்மேட்டில் சுவர் நிற்காது என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் அந்தச் சுவருக்குள்தான் படித்தார்கள்.

நான் பிறந்தது கொழும்பில். அய்யா பரமக்குடிப் பக்கத்து ஆள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே குடியுரிமைச் சட்டம் வந்ததும், பிறந்த மண்ணிலேயே என்னைக் கள்ளத்தோணி என்றார்கள். அய்யா செத்தபின் பதினெட்டு வயதில் ஒரு வள்ளத்தில் ஒளிந்து இந்தக் கரைக்கு வந்தேன். அப்போதுதான் நிஜமாகவே கள்ளத்தோணி ஆனேன். இங்கே எல்லோருக்கும் நான் சிலோன்காரன். இரண்டு நாட்டுக் காகிதமும் கையில் கிடையாது. பிடித்தால் எந்தப் பக்கம் அனுப்புவார்களோ?

அந்த வயதில் எனக்கு உட்காரவே வராது. குத்தவைத்துத்தான் சாப்பிடுவேன், சம்மணம் போட்டால் எழுந்து ஓடத் தாமதமாகும். சட்டையோடு தூங்குவேன். ஜீப் சத்தம் கேட்டால் கை தானாக இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிவிடும்.

பள்ளிக்கூட வேலை பாதியில் இருக்கையில், என்னை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி காய்ச்சலில் படுத்துவிட்டார். மிச்சச் சுவரையும் எழுப்பி ஓடு வேய்ந்தவன் நான். திறப்பு விழாவன்று மேஸ்திரி என்னைத் தேடி வந்தார்.

"ஏலே, மேடைக்கு வா. சாமியார் உனக்கு மாலை வச்சிருக்காரு."

"வயித்த வலிக்குது மேஸ்திரி. இங்கனயே நிக்கேன்."

"காக்கிச்சட்டையப் பாத்தா வயித்த வலிக்குமாக்கும்? சிலோன்ல எவன் வீட்டுக் கோழியத் திருடுன?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடைக்குப் போயிருப்பேன். அதற்குள் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் நேரே என்னிடம் வந்து, "தம்பி, நீ எந்த ஊரு? குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்றார். தண்ணீர் என்றது காதில் ஏறவேயில்லை. கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளங்களுக்குப் பின்னால் போய்த்தான் நின்றேன். அங்கிருந்தே மைக் கேட்டது. மேஸ்திரிக்கு மாலை, கல்லிலும் அவர் பேர்.

இப்போது அந்தப் பள்ளிக்கு மாடி எடுக்கிறார்கள், புதுக் கல் வைக்கப் போகிறார்களாம். கமிட்டிக்காரர்களுக்குச் சொல்கிறேன்: கட்டியவன் என்று என் பேரை அதில் வெட்டுங்கள், மேஸ்திரி பேருக்கு மேலே. நான் யார் என்று கேட்டால் ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, பாஸ்போர்ட் எல்லாவற்றோடும் வருகிறேன்.