வைஃபை பெட்டிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஆறு இருபதுக்கு எழுந்து பார்த்தபோது, வைஃபை பெட்டியில் எரிய வேண்டிய ஐந்து விளக்குகளில் ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. அதுவும் சிவப்பாக. நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு ஹால் மூலையில் இருக்கும் கேமராவைப் பார்த்தேன். அதில் விளக்கே இல்லை.

அந்தக் கேமராவை மாட்டியது என் மகன். என் மனைவியின் காரியம் முடிந்த மறுநாளே அவன் என்னைப் பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னான். சிங்காநல்லூரை விட்டு வரமாட்டேன் என்றேன். இரண்டு நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கேமரா ஓடும் வரை நான் இங்கே தனியாக இருந்துகொள்ளலாம். ஒரு வருஷம் எட்டு மாதம் அப்படியே போயிற்று.

ஏழு மணிக்குள் அவனே போன் செய்தான்.

"அப்பா, கேமரா ஆஃப்ல இருக்குது. கரண்ட் இல்லீங்களா?"

"கரண்ட் இருக்குது. வைஃபை பெட்டிதான் செத்துப்போச்சு."

"எப்படிங்க?"

"தெரியலயே சாமி."

"ஒவ்வொண்ணாக் கெட்டுட்டேதான் இருக்குமுங்க. போன மாசம் மோட்டாரு, இப்ப இது. நீங்க ஒருத்தரே எத்தனைக்குன்னு அலைவீங்க? ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வாரேன்."

"இதுக்கு மூணு வருஷம் வாரண்டி இருக்குது. ரெண்டே கால் வருஷம்தான் ஆச்சு. நானே மாத்திக்கறேன். பத்து நாள் குடு."

"சரிங்க, பத்து நாள். அதுக்குள்ள கேமரா ஓடலைன்னா கெளம்பீரணும். பேச்சு மாறப்படாது."

"மாற மாட்டேன்" என்றேன்.

பெட்டி எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியும்.

முப்பத்துநாலு வருஷம் நூல் மில்லில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். ஒரு அங்குல நூலில் எத்தனை முறுக்கு என்று எண்ணுவது வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று என் மனைவி வீட்டில் இருக்கும் சாமான்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வருவாள். நான் பேப்பரை இறக்காமலே "எத்தனை?" என்று கேட்பேன். கடைசியாக அவள் வைத்த வருஷம், "பதினேழுங்க. உங்க நெத்தி ஒண்ணுதான் பாக்கி, அதையும் கணக்குல சேத்துக்கறதா?" என்றாள்.

அவள் இறந்த வருஷம் பண்டிகை எதுவும் கிடையாது. இந்த வருஷம் நானே வைத்தேன். மோட்டார், தையல் மெஷின், கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், அரிவாள்மனை என்று வரிசையாகப் போனேன். பதினாறு வந்தது. பதினேழு வரவில்லை. வீட்டை மறுபடி ஒரு சுற்று சுற்றினேன், அப்போதும் பதினாறுதான். அவளுடைய எண்ணிக்கை என்னிடம் இருந்தது, பட்டியல் இல்லை. கிண்ணத்தில் மீதி இருந்த சந்தனத்தை வைஃபை பெட்டியின் தலையில் நடுவாக வைத்து, பதினேழு என்று முடித்துக்கொண்டேன். அவள் கெட்டியாகக் குழைப்பாள். நான் குழைத்தது நீர்க்க இருந்தது. பெட்டியின் மேல்பக்கம் நாற்பத்தெட்டு கீற்று ஓட்டைகள். சந்தனம் வழிந்து ஐந்தாறு கீற்றுகளுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். துடைக்கலாம் என்று தோன்றவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைப்பதா என்று விட்டுவிட்டேன்.

இதை மகனிடம் சொன்னால் பத்து நாள்கூடக் கிடைக்காது.

கம்பெனி எண்ணுக்கு இருபத்திரண்டு நிமிஷம் காத்திருந்தேன். குண்டூசியால் பின்பக்கத் துளையைப் பத்து விநாடி அழுத்தச் சொன்னார்கள். மூன்று முறை அழுத்தினேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு புகார் எண் கொடுத்து, சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுங்கள், பழுது எங்களுடையது என்றால் ஒரு வாரத்தில் புதுப் பெட்டி வரும் என்றார்கள். தண்ணீர் பட்டதற்கும் தீப்பிடித்ததற்கும் எலி கடித்ததற்கும் வாரண்டி கிடையாது என்பதையும் சொன்னார்கள். அதை மட்டும் இரண்டு முறை சொன்னதுபோல் எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினேன். சர்வீஸ் சென்டர் மாடியில், பத்தொன்பது படி. என் டோக்கன் நாற்பத்தொன்று, ஓடிக்கொண்டிருந்தது முப்பத்துமூன்று. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. பையிலிருந்து பெட்டியை எடுத்ததுமே கேட்டாள்:

"ஏனுங்க சார், பூஜை கேஸுங்களா?"

பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தேன்.

"வருஷா வருஷம் இந்த வாரம் வருமுங்க. இன்னிக்கு நீங்க மூணாவது. காலைல ஒரு பிரிண்டரு வந்துது, பேப்பர் போற வாயெல்லாம் விபூதி. எங்க சர்ச்சுலயும் காரு, பைக்குக்கெல்லாம் தீர்த்தம் தெளிப்பாங்க சார். ரௌட்டரை இன்னும் ஆரும் கொண்டு போகலீங்க."

பக்கத்து கவுண்டர்க்காரர் தலை நிமிராமல் சிரித்தார்.

பெட்டியைப் போட்டோ எடுத்து வடக்கே கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். அங்கே இருப்பவர்கள் மஞ்சளும் சிவப்புமாகக் கறையைப் பார்த்தால், என்னவென்று கேட்காமலே தண்ணீர் பட்டது என்று எழுதி மூடிவிடுவார்களாம். அதனால் இங்கே துடைத்த பிறகுதான் போட்டோ.

"நாங்க தொடைக்கக் கூடாதுங்க, ரூல்ஸு. நீங்களே தொடச்சுக் குடுத்துருங்க" என்று ஸ்பிரிட் பாட்டிலையும் காது குடையும் பஞ்சுக் குச்சிகளையும் என் பக்கம் தள்ளினாள்.

"உள்ளே போயிருந்தா?"

"தெறந்து பாக்கறது கம்பெனி வேலைங்க. நான் வெளிய இருக்கறத மட்டுந்தான் எழுதுவேன்."

துடைத்தேன். நான் வைத்தது சுலபமாக வந்தது. நான்கு குச்சி ஆயிற்று. அவள் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்குதுங்களே."

வீட்டில் சுவரைப் பார்த்து இருக்கும் பக்கம் அது. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. சந்தனம் வெளுத்து ஓடுபோல் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம் கறுத்திருந்தது.

"இது நீங்க வெச்சதில்லீங்க போல."

"இல்லை."

"ஆரோ வெவரமானவங்க. ஓட்டையே இல்லாத எடமாப் பாத்து வெச்சிருக்காங்க."

பதினேழாவது அதுதான். நான் இரண்டு சுற்று சுற்றியும் அகப்படாதது.

"இதையும் தொடைக்கணுமா கண்ணு?"

"விட்டா போட்டோவுல தெரியுமுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "வேணும்னா ஊட்டுக்குக் கொண்டு போங்க சார். நாளைக்கு வந்தாலும் வாங்கிக்கறேன்."

கணக்குப் போட்டேன். இன்னும் ஒன்பது நாள். புதுசு வர ஏழு நாள். நாளைக்கு வந்து கொடுத்தாலும் நேரம் இருந்தது. ஆனால் நாளைக்கும் துடைக்கத்தான் வேண்டும். பின்னால் நாற்பத்திரண்டாம் டோக்கன்காரர் பையோடு வந்து நின்றுவிட்டார்.

ஐந்தாவது குச்சியை எடுத்து நனைத்தேன். அது என்னுடையது மாதிரி வரவில்லை. ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டியிருந்தது. ஆறாவது குச்சியில் முடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சு செங்கல் நிறத்துக்கு வந்திருப்பதைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவள் குப்பைக் கூடையைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள். ஆறு குச்சிகளையும் போட்டேன். பெட்டியை ஆறு பக்கமும் போட்டோ எடுத்து, ரசீது கொடுத்தாள். பத்தொன்பது படி இறங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் போனில் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கேமரா ஓடாததால் மகன் நாளுக்கு நாலு முறை கூப்பிட்டான். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்பான். போட்டேன் என்பேன். எட்டாம் நாள் செய்தி வந்தது. போய் வாங்கி வந்தேன். அந்தப் பெண் அன்று லீவு.

மகன் போனில் சொல்லச் சொல்ல ஒயர்களை மாட்டினேன். புதுப் பெட்டி கறுப்பு. நான்கு நிமிஷத்தில் ஐந்து விளக்கும் பச்சையாக எரிந்தன. கேமராவிலும் விளக்கு வந்தது.

"தெரியறீங்க அப்பா" என்றான். "சொன்ன மாதிரியே செஞ்சுபோட்டீங்க. ரெண்டு நாள் மிச்சம் வேற."

"ஆமா."

"என்ன கோளாறுன்னு சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"சரி விடுங்க. இனி நான் கார் எடுத்துட்டு வரலை. அங்கயே இருங்க."

இருக்கிறேன் என்றேன். பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்து, சுவரோரம் தள்ளினேன். அந்தப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"செவுத்துப் பக்கம் என்னங்க தடவறீங்க? ஒயரு லூசா இருக்குதா?" என்றான், பெங்களூரிலிருந்து என்னைப் பார்த்தபடி.

"இல்லை" என்றேன். "எல்லாம் சரியா இருக்குது."