என் மெஷினில் மட்டும் பாதி வேகம்

இது எனக்கு இன்றுவரை முழுசாகப் புரியவில்லை.

மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்காக டேட்டாபேஸின் வேகத்தைச் சோதித்துச் சொல்வது என் வேலை. சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பி அதே கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறான். நான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன். அவனுடைய முதல் பெரிய மாற்றம் சோதனைக்கு வந்தது. தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவன் மெஷினில் பிரமாதமாக ஓடியது. அதே மாதிரியான என் மெஷினில் பாதி வேகம்தான் வந்தது.

"உங்க மெஷின்லதான் மாமா ஏதோ கோளாறு" என்றான் போனில்.

"ஆமா மச்சான், நீ எழுதுனது தங்கம், என் மெஷின் தகரம்" என்று எரிந்து விழுந்துவிட்டு, நேரில் பார்க்கக் கிளம்பினேன். சிதம்பரம் பஸ்ஸில் யாரோ துண்டு போட்டிருந்த சீட் காலியாகக் கிடந்தது. போட்டவர் டீ குடிக்கப் போயிருந்தார். நாங்கள் நாலைந்து பேர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சிதம்பரத்தில் என் கண்முன்னே ஓட்டிக் காட்டினான். நிஜமாகவே பறந்தது. திரையோரம் சிஸ்டம் அப்டேட் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதையெல்லாம் வந்த அன்றே போட்டுவிடுவேன், இவன் சோம்பேறி. திட்டிக்கொண்டே அழுத்தினேன். மறுபடி ஓட்டினால் பாதி வேகம்.

"என்ன மாமா பண்ணீங்க?" அவன் முகம் வெளுத்துவிட்டது.

அவன் எழுதியதை எடுத்துவிட்டுப் பழையதை ஓட்டினோம். அதுவும் பாதிதான். சிஸ்டத்தைப் பழையபடி மாற்றியதும் இரண்டும் பறந்தன. தேடிப் படித்ததில், எந்த வேலைக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரைப் புது சிஸ்டத்தில் மாற்றியிருந்தார்கள். டேட்டாபேஸில் ஒரு இடத்தைத் தொடும் வேலை, முடியும்வரை வேறெதுவும் உள்ளே வராதபடி பூட்டுப் போட்டுக்கொள்ளும். அந்தப் பூட்டைக் கையில் வைத்திருக்கும் வேலையையே புது ஷெட்யூலர் நடுவில் எழுப்பி அனுப்பிவிடுகிறது. அது திரும்பி வரும்வரை மற்றவை சும்மா நிற்கின்றன. பஸ்ஸில் துண்டு போட்டவர் கதைதான்.

மேனேஜர் போனில், "அப்ப தப்பு யாரு மேல?" என்றார். இப்படி அனுப்பும் ஷெட்யூலர் மேலா, பூட்டை இவ்வளவு நேரம் பிடித்திருக்கும் டேட்டாபேஸ் மேலா? தலை சுற்றியது.

"தெரில சார். இவன் மேல இல்ல."

"சரி, அவன் எழுதுனது தேறிடுச்சு, இருக்கட்டும்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மச்சான் டீ கொண்டுவந்து வைத்தான். "நான் ஜாஸ்தி பண்ணிச் சொல்றேன்னுதான மாமா பஸ் ஏறுனீங்க?"

நான் டீயை எடுத்துக்கொண்டேன்.